எட்டாவது மஞ்சள் அட்டை

ஃபால் ரிவர், மாசசூசெட்ஸ்
23 ஏப்ரல் 1995

அன்புள்ள லீனோ,

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை ஒரு வாரம் பிந்தி வந்து சேர்ந்தது. கன்சாஸிலிருந்து நடந்தே வந்திருக்கும் போலிருக்கிறது. நான் சுகம். திரைச்சீலை ஆலையில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அப்பாவும் சுகம்தான், கீரை சூப்பில் உப்பு போதவில்லை என்று சண்டை பிடிக்கிற அளவுக்குச் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தக் கடையில் பழைய டயரைத் தின்று காலம் தள்ளுகிறாயா?

அட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். பார்த்தார். ரேடியோவின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் பெயரை இன்னும் வாயால் சொல்வதில்லை. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் நீ பையோடு வாசலில் வந்து நின்றபோது, "யாரப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாரே, அதோடு சரி. பத்து மாதமாகிறது. எனக்கு ஒரு தம்பி இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் இன்று ஒன்று நடந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் யாருக்கோ பேசலாம் என்று மாடியில் இருக்கும் போனை எடுத்தேன். கீழே அப்பா ஏற்கெனவே எடுத்திருந்தார். ஒரு கிழவரின் குரல் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. "சலைனா ஹார்வெஸ்டர்ஸ் இரண்டு, விருந்தினர் ஒன்று. கோல் அடித்தவர்கள்..." நான் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன். குரல் முடிந்ததும் அப்பா வைத்தார். வைத்த கையோடு மறுபடி அதே எண்ணைச் சுழற்றி, மறுபடி முழுவதையும் கேட்டார்.

கீழே போய், "யாருப்பா போன்ல?" என்றேன்.

"ராங் நம்பர்" என்றார், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

அது உன் அணிதானே? அந்தக் கிழவர் யார்? எழுது. நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதே.

உன் அக்கா,
ஒடேட்

சலைனா, கன்சாஸ்
3 மே 1995

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது முட்டி மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பா எப்படி இருக்கிறார்? இரண்டாவது கேள்வியை அவரிடம் சொல்ல வேண்டாம்.

உன் கடிதத்தை டயர் கடைக்குப் பின்னால் நின்று நாலு தடவை படித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "வீட்டுல யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், இருக்காங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தக் குரல் வெண்டெல். எங்கள் கிளப்பில் டிக்கெட் விற்பவர் அவர்தான், பேருந்து ஓட்டுபவர் அவர்தான், மைதானத்துக் கோடுகளுக்கு வெள்ளை அடிப்பவரும் அவர்தான். மூன்றாம் பிரிவு அணியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஆகவே ஆட்டம் முடிந்ததும் வெண்டெல் முடிவைத் தன் குரலில் பதிவு செய்து போனில் மாட்டிவிடுவார். ரசிகர்கள் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். மொத்தம் முப்பது பேர் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். முப்பத்தோராவது ஆள் மாசசூசெட்ஸில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்!

ஆனால் ஒரு சங்கடம். அந்த எந்திரத்தில் ஒன்றரை நிமிடம்தான் பேச முடியும். கோல் அடித்தவன் பெயர், மஞ்சள் அட்டை வாங்கியவன் பெயர், அடுத்த ஆட்டம் என்றைக்கு, அவ்வளவுதான் வாசிப்பார். நான் இடது பக்கம் நின்று எதிராளியை மறிக்கிறவன். மூன்று வருடத்தில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. ஆக அப்பா ஒவ்வொரு ஞாயிறும் நான் இல்லாத செய்தியை இரண்டு தடவை கேட்கிறார்.

ஆடிய பதினோரு பேரையும் வாசிக்கும்படி வெண்டெலிடம் கெஞ்சினேன். "போலந்துக்காரன் ஒருத்தன கோல்கீப்பரா வச்சுக்கிட்டு இதக் கேக்கலாமா? அவன் பேரச் சொல்லி முடிக்கவே ஒரு நிமிஷம் ஆவுமே" என்றார்.

சனிக்கிழமை நல்ல மழை. வழுக்கிக்கொண்டு போய் ஒருத்தன் காலில் விழுந்தேன். மஞ்சள் அட்டை. வேண்டுமென்று செய்யவில்லை. நடுவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து என் பெயரை எழுதினார். வெண்டெல் அதை வாசித்திருப்பார். அப்பா கேட்டாரா? உடனே எழுது, அக்கா.

அன்புடன்,
லீனோ

ஃபால் ரிவர்
14 மே 1995

அன்புள்ள லீனோ,

இன்று அன்னையர் தினம். கல்லறைக்குப் போய் உன் பங்குக்கும் சேர்த்துப் பூ வைத்தேன். வெயில் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சோம்பேறித்தனம் பண்ணாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு மாடியில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்பது பாவம்தான். பாதிரியாரிடம் சொல்லியாகிவிட்டது. "மஞ்சள் அட்டை, அடெலீனோ ஃபுர்ட்டாடோ, எழுபத்தோராவது நிமிடம்" என்று உன் வெண்டெல் வாசித்தார். கீழே அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டார். அப்புறம் சமையலறைக்கு வந்து, நாற்காலியைத் தரையில் கீறிக்கொண்டு இழுத்து உட்கார்ந்தார்.

"அடெலீனோவுக்கு என்ன கேடு? இருவது வருசம் ஆடியிருக்கேன், ஒரு ரெஃப்ரி என் பேர எழுதினதில்ல. இவன் எப்ப ரவுடி ஆனான்?"

உன் பெயர், லீனோ! பத்து மாதத்துக்குப் பிறகு, வசவோடுதான் என்றாலும், உன் முழுப்பெயர். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்று அழுதேன்.

"உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"ஊர்ல பேசிக்கிறாங்க."

கன்சாஸில் ஒருவன் வழுக்கி விழுந்ததை ஃபால் ரிவரில் எந்த ஊரார் பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் முடிதிருத்தும் செராஃபிம் கடையிலும் அதே புலம்பலாம். "பையன் பேச்ச எடுத்துட்டாருடி" என்று செராஃபிம் எனக்குத் தனியாகப் போன் பண்ணிச் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு உன் பெயர் வரவில்லை. அப்பா போனை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பாடும் குறைந்திருக்கிறது. வெயில் காலத்தில் அப்படித்தான் என்கிறார்.

உன் அக்கா,
ஒடேட்

சலைனா
4 ஜூன் 1995

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுத்தேன், முட்டி அடங்கிவிட்டது. முட்டையும் சாப்பிடுகிறேன். உனக்கும் வீட்டுக்கும் சுகம்தானே?

இதுவரை மூன்று அட்டை. நீ திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது, நடுவர் விசில் ஊதிய பிறகு பந்தை ரயில் பாதைப் பக்கம் உதைத்ததற்கு. மூன்றாவது, வெளியே போன பந்தைக் கையால் எறிய நேரம் கடத்தியதற்கு. சட்டையால் பந்தைத் துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். நடுவரே பாவப்பட்டு, "எறிஞ்சிருப்பா, எனக்கும் வீட்டுக்குப் போகணும்" என்றார். அதற்கும் எறியவில்லை. எழுதிக்கொண்டார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் டிரம் வைத்துக்கொண்டு பதினேழு பேர் நிற்பார்கள், எங்கள் ரசிகர் படையே அவ்வளவுதான். அவர்களுக்கு இது ஒரே கொண்டாட்டம். போன ஆட்டத்தில் ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு மஞ்சள் அட்டை காட்டியதும் பதினேழு எலுமிச்சையும் மேலே எழும்பின. "ஃபுர்ட்டாடோ! இன்னொண்ணு புழிடா!" என்று கத்துகிறார்கள்.

கோச் ஹாலம் சிரிக்கவில்லை. "மூணு வருசமா பூனை மாதிரி இருந்தே, உனக்கு என்ன பேய் புடிச்சிருக்கு?" என்றார். நான் என்ன சொல்வது? எங்கப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றா?

அவர் என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

லீனோ

ஃபால் ரிவர்
22 ஜூன் 1995

அன்புள்ள லீனோ,

பதில் பிந்திவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆலையில் கூடுதல் வேலை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பாஸ்டனில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போய்வந்தேன். அவ்வளவுதான் செய்தி.

நீ கேட்ட வார்த்தைகள் இதோ. பந்தை உதைத்ததற்கு: "பந்து அவனுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" எறியாமல் நின்றதற்கு: "நின்னானாம், தொடச்சானாம்! பந்து என்ன கண்ணாடித் தம்ளரா?" செராஃபிம் உன் பக்கம் பேசப்போய், "வக்கீலுக்கு முடிவெட்டிட்டு வக்கீலாவே ஆயிட்டியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாம் உன்னைப் பற்றிய பேச்சுத்தான். திட்டிவிட்டு அன்றைக்கெல்லாம் உற்சாகமாக இருக்கிறார். நீ வேண்டுமென்றேதான் வாங்குகிறாய் என்று அவரிடம் சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. சொன்னால் அவர் போனில் கேட்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதன்பிறகு அந்த எண்ணைத் தொடமாட்டார். நம் அப்பாவை உனக்குத் தெரியாதா?

11ஆம் தேதி அம்மாவின் ஆண்டுப் பூசை நடந்தது. கல்லறையில் அப்பா வெகுநேரம் நின்றார். திரும்பும்போது, "நேத்து அவனுக்கு மேட்ச் இருந்திச்சு, இல்ல?" என்றார். "ஆமாப்பா" என்றேன். "வருசா வருசம் இதே நாள்லதான் வெப்பானுங்க போலருக்கு" என்றார். அதில் கோபம் இல்லை, லீனோ. நான் பக்கத்தில்தான் நடந்தேன், எனக்குத் தெரியும்.

ஒடேட்

சலைனா
9 ஜூலை 1995

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது, மைதானத்தில் புல்லெல்லாம் வைக்கோலாகிவிட்டது. நான் சுகம்.

ஆண்டுப் பூசையைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. போன வருடம் அம்மா வியாழக்கிழமை இறந்தாள். சனிக்கிழமை அடக்கம். அதே சனிக்கிழமை என் ஆட்டத்தைப் பார்க்க முதல் பிரிவு அணி ஒன்றிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அடக்கத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று அப்பாவிடம் போனில் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் ஆடினேன். அம்மா இருந்திருந்தால் ஆடச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த ஆள் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார். மறுநாள் நான் வந்தபோது மண்ணை மூடி ஒரு நாள் ஆகியிருந்தது. என்னை அப்பா மன்னிக்காதது சரிதான். நானாக இருந்தாலும் மன்னித்திருக்கமாட்டேன்.

ஆனாலும் அவர் போனில் கேட்கிறார். அதை நினைத்தால் எனக்கு எதையும் செய்யலாம் போலிருக்கிறது.

அட்டை ஆறு ஆகிவிட்டது. எட்டு வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வேண்டும், இதுதான் லீகின் விதி. கோச் விரலை நீட்டி எச்சரித்துவிட்டார். "ஆகஸ்ட்டுல அரையிறுதி வரும். எட்டு வாங்கிட்டு நின்னேன்னு வையி, அடுத்த வருசம் இந்த ஊர்ப் பக்கம் வராத." ஆகவே இனி அடக்கி வாசிக்க வேண்டும். எட்டைத் தொடமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போன் பண்ணட்டுமா? அவர் எடுத்தால் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. ஆனால் அவர் என்னைத் திட்டுவதை என் காதாலேயே கேட்க வேண்டும்.

லீனோ

ஃபால் ரிவர்
6 ஆகஸ்ட் 1995

அன்புள்ள லீனோ,

ஒரு மாதம் எழுதவில்லை. வேலை, வெயில், அலுப்பு, எதை வேண்டுமானாலும் காரணமாக வைத்துக்கொள். உன் உடம்பு நன்றாக இருக்கிறதா? நான் இருக்கிறேன்.

போன் பண்ணாதே. இப்போது வேண்டாம். சீசன் முடியட்டும். நான் சொன்னால் காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்.

ஜூலை நடுவில் ஏழாவது அட்டை வாசித்தார்கள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறாக உன் பெயர் இல்லை. நீ அடக்கி ஆடுகிறாய் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே. முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், "டீம்லேருந்து எடுத்துட்டாங்களா?" என்றார். இன்று ஐந்து தடவை கேட்டார். போனை என் கையில் கொடுத்து, "நீ கேளு, எனக்குத்தான் சரியா விழல போலருக்கு" என்றார். ஆமாம், இப்போது என்னிடம் மறைப்பதில்லை. நான்தான் எண்ணைச் சுழற்றிக் கொடுக்கிறேன். உன் பெயர் இல்லை என்றேன். "கால் ஒடஞ்சிருக்கும். ஒடஞ்சா நமக்கு யாரு சொல்லப்போறா?" என்று பகலெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே கொடுக்கிற சூப் வாயில் வைக்க வழங்கவில்லை என்று நான் வீட்டிலிருந்து கொண்டுவந்ததையும் தொடவில்லை.

உனக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி எழுது, அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

ஒடேட்

சலைனா
14 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒன்றும் இல்லை. கால் இரண்டும் முழுசாக இருக்கின்றன, அப்பாவிடம் சொல். உன் குரல் கடிதத்தில் களைத்துத் தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

நேற்று ஞாயிறு, கேட்டிருப்பீர்கள். சனிக்கிழமை ஆட்டத்தில், எண்பத்தெட்டாவது நிமிடம். நாங்கள் மூன்று கோல் முன்னால் இருந்தோம், ஒன்றும் ஆபத்தில்லை. வெண்டெலிடம் என் பெயரை நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்லியிருந்தேன். கேட்டாரா? சாப்பிட்டாரா?

அரையிறுதிக்கு வந்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை, எங்கள் ஊரிலேயே. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

லீனோ

ஃபால் ரிவர்
5 செப்டம்பர் 1995

அன்புள்ள லீனோ,

நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? இங்கே நான் மட்டும்தான் என்பதால் நலம் விசாரிக்க வேறு ஆளில்லை. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

அடக்கத்தன்று கல்லறை வாசலில், "ஏன்க்கா எனக்குச் சொல்லல?" என்று கேட்டாய். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், நான் பதில் சொல்லவில்லை. நீயும் மறுநாளே கிளம்பிவிட்டாய். இப்போது சொல்கிறேன்.

ஜூனில் பாஸ்டனில் நாங்கள் பார்த்தது டாக்டரை. வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார். ஜூலை கடைசியிலிருந்து அப்பா ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அன்றே உன்னைக் கூப்பிடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சீசன் முடியறவரைக்கும் சொல்லாத. சொன்னா திரும்பவும் அவன் ஆட்டமா வீடான்னு நிக்கணும். இந்தத் தடவையும் அவன் வரலன்னா என்னால தாங்க முடியாது, ஒடேட்" என்றார். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் உன்னைத் தண்டிக்கவில்லை, லீனோ. பயந்தார்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி ஞாயிறு காலை எண்ணைச் சுழற்றி அவர் காதில் வைத்தேன். நானும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டேன். "ஹார்வெஸ்டர்ஸ் ஒன்று, விருந்தினர் இரண்டு. இத்துடன் இந்த ஆண்டு ஆட்டங்கள் முடிந்தன." அட்டை வாங்கியவர்கள் என்று வேறு இரண்டு பெயர். உன் பெயர் இல்லை. ஜூலையில் போலத் தவித்துப்போவார் என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் சிரித்தார்.

"அட்டை இல்ல, பாத்தியா? போன வாரம் வரைக்கும் காட்டான் மாதிரி ஆடினவன், பெரிய ஆட்டத்துல, தோக்கற ஆட்டத்துல, கைகால அடக்கி ஆடியிருக்கான். அதுதான்டி ஆட்டம். என் புள்ள கத்துக்கிட்டான்."

பிறகு சொன்னார்: "சீசன் முடிஞ்சிடுச்சு. இப்பக் கூப்பிடு அவன."

அங்கேயே போனைத் திரும்ப எடுத்தேன். உன் வீட்டுக்கு மத்தியானம்வரை ஏழு தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. சாயந்திரம் அவருக்கு நினைவு தப்பியது. திங்கள் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு நீ எடுத்தாய்.

உன் கடைசி ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்னதைச் செராஃபிம் அடக்கத்துக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார். நீ தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அந்த ஆட்டம் எப்படி இருந்தது, லீனோ? முதலிலிருந்து எழுது. அப்பா எதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒடேட்

சலைனா
18 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்கா,

நீ தனியாகச் சாப்பிடுகிறாய் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது?

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நான் ஆடவில்லை.

அதற்கு முந்தின வாரம் வாங்கியது எட்டாவது அட்டை. எட்டாவது என்று தெரிந்தே வாங்கினேன். கால் ஒடிந்திருக்கும் என்று அப்பா பகலெல்லாம் புலம்பினார் என்று நீ எழுதியிருந்தாய். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. நடுவர் முன்னால் போய்ப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். போன வருடம் ஆட்டத்துக்காக வீட்டை விட்டேன். இந்தத் தடவை ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

கோச் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பயிற்சிக்கும் வர வேண்டாம் என்றுவிட்டார். என் இடத்தில் ஒரு கல்லூரி மாணவனை இறக்கினார். இரண்டு கோலும் அவன் பக்கமாகத்தான் வந்தன. நான் டிரம் அடிக்கிறவர்களோடு நின்று பார்த்தேன். யாரோ என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்கள். மறுநாள் எல்லாரும் பெட்டியைக் கட்டினார்கள், யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நாளெல்லாம் ஊருக்கு வெளியே சோளக்காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். நீ ஏழு தடவை கூப்பிட்டபோது நான் அங்கேதான் இருந்தேன்.

உட்கார வைத்துவிட்டார்கள் என்று பதினான்காம் தேதிக் கடிதத்தில் எழுத வெட்கமாக இருந்தது. நீ அப்பாவிடம் சொல்லிவிடுவாய், என் பெயர் கேட்ட சந்தோஷம் அவருக்குப் போய்விடும் என்று மறைத்தேன். நீ எழுதியிருந்த சூப்பைக்கூட அப்போது யோசிக்கவில்லை. வீட்டில் இருக்கிறவருக்கு வீட்டிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும்? படித்தேன், தாண்டிப் போய்விட்டேன்.

அரையிறுதி வாரம் என்று டயர் கடையில் முன்பே விடுப்பு வாங்கியிருந்தேன், திங்களிலிருந்து சனிவரை எனக்கு ஒரு வேலையும் இல்லை, அக்கா. ஆட்டமா வீடா என்று நிற்க வேண்டியதே இல்லை. ஆட்டம்தான் இல்லையே. நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ கூப்பிட்டிருப்பாய். கூப்பிட்டிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன். கடைசி இரண்டு மூன்று நாளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிலில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பந்தைக் கூரைக்கு எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் நன்றாக ஆடினேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். செராஃபிமிடம் சொல்லாதே. உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

லீனோ

ஃபால் ரிவர்
1 அக்டோபர் 1995

அன்புள்ள லீனோ,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. முதலில் உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் என்மேல். நேற்று அப்பாவின் சட்டைகளை மடிக்கும்போது அவர்மேலும் வந்தது. இப்போது யார்மேலும் இல்லை. தூக்கம்தான் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

செராஃபிமிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எட்டு வாங்கினால் உட்கார வேண்டும் என்று நீ ஜூலையிலேயே எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரி அலைச்சலில் நான்தான் எண்ணத் தவறிவிட்டேன். சத்தியத்தை மீறி நான் ஒரே ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆளுக்கொரு பக்கம் அவருக்கு நல்லது செய்துகொண்டிருந்தோம். கோச் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா. உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டேன்.

இதையும் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வேண்டாம். இனி நாம் இரண்டு பேர்தான், மறைத்தது போதும். நீ வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு வலி இல்லை. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். நல்ல நினைவோடு இருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அங்கே ஒரு மணி நேரம் குறைவு என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"இப்ப அவன் என்ன பண்ணிட்டிருப்பான்?" என்று கேட்டார்.

"ப்ராக்டிஸ்ல இருப்பான்பா. நாளைக்கு அரையிறுதி இல்ல?"

"ம்."

வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கூப்பிடட்டுமாப்பா? கூப்பிட்டா வந்துருவான்ப்பா" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"வேணாம் விடு. நல்லா ஓடிட்டிருப்பான். கெடுக்காத."

உன் அக்கா,
ஒடேட்